எட்டாத இடத்தில் சோறு

ஜன்னல் கம்பிக்குள் செல்போனை நீட்டி, சசிகலா வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

உள்ளே கட்டில் காலடியில் ஜெயபிரியா உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை. பேச்சு வராது. இடுப்பைச் சுற்றி அம்மாவின் பழைய சேலை. அதன் மறுமுனை கட்டில் காலில்.

வாசல் கதவில் பூட்டு.

பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் சசிகலா. இந்த வீட்டுக்கு எப்போதும் மத்தியானம்தான் வருவாள். அப்பன் தர்மன் சாப்பிட வந்து கதவைத் திறக்கிற நேரம் அது. இன்றைக்கு இதற்கு முன்னால் போகிற ஊரில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். அதனால் நேரத்திலேயே வந்துவிட்டாள்.

அப்படி வந்ததும் ஒரு விதத்தில் நல்லதாய்ப் போயிற்று. கட்டாதீங்க, கட்டாதீங்க என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். படம் எடுத்து ஆபீசில் காட்டினால், பிள்ளையை டவுன் ஹாஸ்டலுக்கு மாற்றிவிடலாம்.

போனை மெல்லத் திருப்பினாள்.

ஒரு பக்கம் முழுக்கப் பட்டுப்புழு வளர்க்கிற மூங்கில் தட்டுகள், அடுக்கடுக்காக. போன தடவை புழு வளர்த்தபோது ஜெயபிரியா அதில் சாய்ந்து ஒரு அடுக்கையே கவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு விழுந்ததுதான் இந்தக் கட்டு.

எதிர்ச் சுவரில் ஆணி. ஆணியில் ஒரு மாட்டுச் சங்கிலி.

அதற்குக் கீழே மாடத்தில் மூடி போட்ட சோற்றுப் போசி, பக்கத்தில் சொம்புத் தண்ணி. கட்டிலிலிருந்து கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது.

கட்டிப் போட்டதும் போட்டாள், பிள்ளைக்குச் சோற்றைக் கொண்டுபோய் எட்டாத இடத்தில் வைத்திருக்கிறாளே, இந்தக் காவேரியெல்லாம் ஒரு தாயா?

அப்போது ஜெயபிரியா தலையைக் குனிந்தாள்.

சேலையின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். கட்டு அவிழ்ந்தது.

எழுந்து போனாள். போசியைத் திறந்தாள், நாலு வாய் தின்றாள், தண்ணி குடித்தாள், மூடி வைத்தாள். அப்புறம் புழுத் தட்டுகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். காதை மட்டும் தட்டுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

புழுக்கள் இலை தின்கிற சத்தம், ஓலையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை சிரித்தது. சத்தமில்லாத சிரிப்பு.

ஓ, இதற்குத்தானா அன்றைக்குச் சாய்ந்தாய் என்று சசிகலா வாய்க்குள் சொன்னாள்.

தெருமுனையில் தர்மனின் டிவிஎஸ் வண்டி இரைந்தது.

ஜெயபிரியா ஓடினாள். கட்டில் காலடியில் உட்கார்ந்தாள். சேலையை இடுப்பில் சுற்றி, நுனியை உள்ளே விட்டு, ஒரு இழுப்பு. அம்மா போடுகிற அதே முடிச்சு.

நிமிர்ந்தபோது ஜன்னலில் டீச்சரைப் பார்த்துவிட்டாள்.

அந்த முகத்தில் அப்படியொரு பயம்.

சசிகலா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். அந்தப் பைக்குள் ஒரு பலகையும் இருந்தது, ஷூக் கயிறு கோத்த பலகை. அதில் ஒரே ஒரு முடிச்சுப் போடவைக்க எத்தனையோ வாரமாய்ப் பாடுபடுகிறாள். ஜெயபிரியா கயிற்றை வாயில் வைத்துச் சப்புவாள். இவள் பிடுங்குவாள். மறுபடி சப்புவாள். எதிரே தர்மன் சோற்றைப் பிசைந்தபடி பார்த்துச் சிரிப்பான்.

இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து நேராகப் போய்ச் சங்கிலியை ஆணியிலிருந்து இறக்கினான். சசிகலா பின்னாலேயே உள்ளே போனாள். அவன் சட்டைப் பையிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்தான். பாப்பாரப்பட்டிக் கடையில் வாங்கியது, அட்டைகூடப் பிரிக்கவில்லை.

"எதிர் வூட்டுக்காரன் சொல்றான் டீச்சர், இவ எந்திரிச்சு நடமாடறாளாம். அன்னிக்கே சங்கிலி போட்டிருப்பேன். எங்க வூட்டுக்காரிதான் சேலையில கட்டிக்கறேன்னு கால்ல வுழுந்தா. கட்டு அவுக்கத் தெரிஞ்சவளுக்கு அப்புறம் சேலை எதுக்கு? நீங்களே சொல்லுங்க. இவளுக்கு முடிச்சு போட, அவுக்க வருமா?"

சசிகலா மாடத்துப் போசியைப் பார்த்தாள். தெரிந்தேதான் அந்த இடத்தில் அதை வைத்துவிட்டு வேலைக்குப் போன காவேரியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

ஜெயபிரியா நிமிரவில்லை. அவளுடைய கை முடிச்சை மூடியிருந்தது.

சசிகலா பைக்குள் கைவிட்டாள். முதலில் செல்போன்தான் தட்டுப்பட்டது. இந்தப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்பதற்குச் சாட்சி மொத்தமும் அதற்குள் இருந்தது.

அதை ஒதுக்கிவிட்டுப் பலகையை எடுத்தாள். பிள்ளையின் மடியில் வைத்தாள்.

ஜெயபிரியா பலகையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். அப்பன் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்தாள்.

கயிற்றை எடுத்து வாயில் வைத்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் சசிகலா. "கயித்தை எந்தக் கையில புடிக்கறதுன்னே இன்னும் வரலைங்க."

தர்மன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு பழைய சிரிப்பு வந்தது. "இவளுக்குச் சொல்லிக்குடுக்கறதும் ஒண்ணுதான், அந்தப் புழுவுக்குச் சொல்லிக்குடுக்கறதும் ஒண்ணுதான். உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி டீச்சர்."

சங்கிலி ஆணிக்குப் போனது.

ஜெயபிரியா கயிற்றைச் சப்பிக்கொண்டே இருந்தாள்.

சசிகலா பிடுங்கவில்லை.