மதகை மூடு

ஒரு காட்டில் கட்டளை நிரல்களைப் படித்துச் சொல்லும் எந்திரம் ஒன்று இருந்தது. எழுதியவர் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தாலும் அது பாதியிலேயே படுத்துவிடும். அன்று ஏரி மதகுக்கான நிரலைப் படிக்கும்போது மறுபடி படுத்தது. அணில் ஓடிவந்து எந்திரத்துக்கு ஒரு திருத்தம் எழுதியது. அதைச் சரிபார்ப்பது எருமையின் வேலை.

காலையிலிருந்து அடுத்தவர் திருத்தங்களையே படித்து எருமைக்குக் கண் சொருகியது.

"அக்கா, இப்ப படுக்கவே மாட்டேங்குது. சரின்னு சொல்லிடுங்க" என்றது அணில்.

சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் எருமைக்கும் தோன்றியது. இருந்தாலும் பெருமூச்சோடு அதே நிரலை எந்திரத்திடம் கொடுத்தது.

"படிச்சாச்சு, பிழையே இல்லை" என்றது எந்திரம்.

"என்ன படிச்சே?"

"மதகைத் திற."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

மூடாத குறிக்குப் பின்னால் 'மதகை மூடு' என்ற வரி இருந்தது.

"தடுக்குற இடம் வந்தா மிச்சத்தை விட்டுடச் சொன்னியா?" என்றது எருமை.

அணில் தலை குனிந்தது. "படுக்காம இருந்தாப் போதும்னு நெனச்சேன்க்கா."

"ஏரிக்குக் கீழ முயல் வளையெல்லாம் இருக்கே."

அணில் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கியது. எருமை பக்கத்திலேயே கால் மடக்கிப் படுத்துக்கொண்டது.

மதகருகே தண்ணீருக்குக் காத்திருந்த முயல்கள் முணுமுணுத்தன: "எருமைகிட்ட போனா எந்த வேலைதான் சீக்கிரம் முடிஞ்சிருக்கு?"