அமாவாசைக்கு வராத ஆள்

"யோவ் சிட்டிபாபு, இந்த அமாவாசைக்கும் பூஜைக்கு வரலியா நீ?"

மேலாளர் ராமராஜனுக்கு மூக்குக்கு மேல் கோபம். வாலாஜாபாத் சாலையில் பட்டு நூலுக்குச் சாயம் தயாரிக்கும் கெமிக்கல் ஆலை அது. அமாவாசை தோறும் இரண்டு மணி நேரம் பிளான்ட்டையே நிறுத்திவிட்டு, வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைப்பார் அவர். மொத்த ஆலையும் கை கட்டி நிற்கும். கருவிகளைப் பழுது பார்க்கும் சிட்டிபாபு மட்டும் கம்பி நீட்டிவிடுவான்.

"கொஞ்சம் வேலை இருந்துச்சு சார்."

"பிளான்ட்டே நிக்குது, உனக்கு இன்னாய்யா வேலை? எங்கனா மூலையில படுத்துக்கினு இருந்திருப்ப!"

சிட்டிபாபு தலையைச் சொறிந்தான்.

சாமியிடமும் பயமில்லை, மேலாளரிடமும் பயமில்லை. இப்படி ஒரு தண்டச்சோறு இங்கே எதற்கு? அன்றைக்கே அவனை ஓசூர் கிடங்குக்கு மாற்ற உத்தரவு தயாரானது. ராமராஜன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் காலை தணிக்கை அதிகாரி ஜெயப்ரியா வந்து இறங்கினார். 'சில் டூ' என்கிற பாதுகாப்புத் தரச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஆலைக்குப் பூட்டு, ராமராஜனுக்குச் சீட்டு கிழியும்.

"ரியாக்டர்ல சூடு எகிறினா, அஞ்சு செகண்டுக்குள்ள வால்வு தானா மூடிக்கணும். வருஷா வருஷம் டெஸ்ட் பண்றீங்களா சார்?"

"தவறாம பண்றோம்மா. நானே பண்றேன்!"

ஃபைலை நீட்டினார். மூன்று வருடப் படிவங்கள். 'சோதித்தேன், நன்று' என்று ஏசி அறையில் காபி குடித்துக்கொண்டே போட்ட கையெழுத்துகள். அந்த வால்வு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட மனுஷருக்குத் தெரியாது.

"பேப்பர் ஓகே. பிளான்ட்டைக் கொஞ்சம் நிறுத்திட்டு, என் முன்னாடி ஒரு தடவை பண்ணிக் காட்டுங்க."

மூன்று வருடமாக அசையாத வால்வு துருப்பிடித்து உட்கார்ந்திருக்குமே! காமாட்சியம்மனையும் வரதராஜப் பெருமாளையும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டார் ராமராஜன்.

சூடு எகிறிவிட்டதாகக் கருவிக்குப் பொய்த் தகவல் கொடுத்தார் ஜெயப்ரியா.

டப்!

"மூணே செகண்ட்! சூப்பர் சார். சர்டிஃபிகேட் உங்களுக்குத்தான்."

ராமராஜனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எல்லாம் பூசணிக்காய் மகிமைம்மா!"

"பூசணிக்காய் இல்ல சார், இதோ இதான்." வால்வில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார் ஜெயப்ரியா. "வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணாலே போதும். உங்க ஆளுங்க மாசா மாசம் பண்ணியிருக்காங்களே!"

ராமராஜன் குனிந்து பார்த்தார். சிட்டிபாபுவின் கோணல் எழுத்தில் வரிசையாகத் தேதிகள். மூன்று வருடத்து அமாவாசையில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

ஜெயப்ரியாவின் கார் கேட்டைத் தாண்டியதும் ராமராஜன் சிட்டிபாபுவைத் தனியே இழுத்துப் போனார்.

"பூஜை நேரத்துல இதான் பண்ணிக்கினு இருந்தியாய்யா?"

"அன்னிக்கு மட்டும்தானே சார் பிளான்ட் நிக்குது. ஓடறப்ப வால்வைத் தொட முடியாதே."

"அவ்ளோ திட்டினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சிட்டிபாபு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நீங்கதான் டெஸ்ட் பண்ணதா கையெழுத்துப் போட்டுக்கினு இருக்கீங்க. நான் பண்றேன்னு வெளிய சொன்னா, உங்களுக்குத்தானே சார் அசிங்கம்?"