காத்தாயிக் கல்

‘அப்பட்டமான பொய்!’ கேசினிக்கு வாய் வரை வந்துவிட்டது.

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லயம் என்ற தொடர்வீடுகள் புதைந்துபோன முப்பத்திரண்டு குடும்பங்களை, இலங்கை மலையகத்தில் ஹல்துமுல்லைக்கு மேலே புது வீடுகளில் குடியேற்றிய அதிகாரி அவள். யாழ்ப்பாணத்துக்காரி. வீடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வந்தால், ஊரே ஒரு பெரிய கல்லைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. கல்லில் மஞ்சள், குங்குமம் வேறு.

நடுவில் ரெங்கம்மா. கொழுந்து பறித்துவிட்டு வந்த கோலத்திலேயே பேசிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் காலத்துல நம்ம ஆளுக இந்தியாவுலருந்து காட்டு வழியா நடந்து வந்தாங்கல்ல... அதுல காத்தாயின்னு ஒரு புள்ளத்தாச்சி. நடக்க முடியாம இந்தக் கல்லுலதான் சாஞ்சா. மழைன்னா மழை, அப்பிடியொரு மழை! மலையே சரிஞ்சு வருது. இந்தக் கல்லு மட்டும் அசையல!”

“அப்புறம்?” என்றது கூட்டம்.

கேசினிக்குப் பொறுக்கவில்லை. போன வருடம் வீடு கட்ட மண் வெட்டியபோது பெக்கோ இயந்திரம் புரட்டிப் போட்ட கல் அது. நாளைக்கே மழை எச்சரிக்கை வந்தால், கல் காப்பாற்றும் என்று இவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால்?

“அம்மா, இந்தக் கல்லு...” என்று ஆரம்பித்தாள்.

சட்டென்று ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ரெங்கம்மாவின் பக்கத்து வீட்டு நல்லம்மா.

“மிஸ், கொஞ்சம் இங்கிட்டு வாங்க.”

வீட்டுக்குப் பின்னால் போனதும் கேசினி வெடித்தாள். “அவா சொல்லுறது முழுப் பொய் எல்லோ? அந்தக் கல்லை பெக்கோ புரட்டினதை நான் நேரில பாத்தனான்!”

“தெரியும் மிஸ். அந்த பெக்கோவ ஓட்டுனதே எங்க வீட்டுக்காரருதான்.”

கேசினி திகைத்தாள். “பிறகேன் எல்லாரும் இருந்து கேக்கிறீங்கள்?”

நல்லம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“மண்ணு சரிஞ்சப்ப ரெங்கம்மா மகளுக்கு வயித்துல ஏழு மாசம், மிஸ். ரெண்டு உசுரும் உள்ள போயிருச்சு. ரெண்டு வருஷமா இவ வாயே தொறக்கல. எங்களுக்கும் இங்க வந்ததுலருந்து தூக்கமில்ல. லயத்துல சுவத்தத் தட்டினா அடுத்த வீட்டுலருந்து பதில் வரும். இங்க தனித்தனி வீடு. மழை சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிச்சுக்கும். போன மாசம் ஒரு நா, இவ அந்தக் கல்லுகிட்ட நின்னு தானா பேச ஆரம்பிச்சா. போயி உக்காந்தோம். அன்னையிலருந்து எங்களுக்கும் மனசு கொஞ்சம் நெலைக்கு வந்திருக்கு.”

“மழை வந்தால்?”

“பள்ளிக்கூடத்துக்கு ஓடிருவோம் மிஸ், அது எங்களுக்குத் தெரியாதா? ஆனா தெனமும் கதை அந்த மழையிலயே நின்னுருது. காத்தாயிக்கு இன்னும் புள்ள பொறக்கல. ‘அப்புறம், அப்புறம்’னு நாங்களும் கேட்டுக்கிட்டே...”

அவள் முடிப்பதற்குள் குலவைச் சத்தம் எழுந்தது.

இருவரும் ஓடினார்கள்.

ரெங்கம்மா இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இல்லாத ஒரு குழந்தைக்காக முப்பத்திரண்டு குடும்பமும் எழுந்து நின்றிருந்தது. ஒருவர் முகத்திலும் விளையாட்டு இல்லை.



அதிகாரியைக் கண்டதும் ரெங்கம்மா மிரண்டு கைகளை இறக்கப் போனாள்.

கேசினி செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

“அம்மா... தாயும் பிள்ளையும் சுகமோ?”