முகாம் சிலுவை

சிலுவைக்கு யாரோ மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். அடியில் ஒரு பிரியாணிப் பொட்டலம் பிரித்து வைக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் எரிந்து முடிந்த ஊதுபத்தி. ஜெயசீலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆம்பூர்ப் பக்கத்துத் தேவாலயப் பங்கு ஒன்றின் சாரணர் படைக்கு அவர்தான் மாஸ்டர். போன வாரம் பாலாற்று மணலில் முகாம் போட்டார்கள். இரண்டு கழிகளைக் குறுக்கே வைத்துக் கயிற்றால் கட்டி நட்ட சிலுவை முன்னால், பங்குச் சாமியார் வந்து பூசை வைத்தார்.

திடீர் மழையில் அடித்துப் பிடித்துக் கிளம்பியதில் அதைப் பிடுங்க மறந்துவிட்டார்கள். முகாம் போட்ட இடத்தில் ஒரு காகிதம்கூட மிஞ்சக் கூடாது என்று பையன்களை வறுத்தெடுக்கிற மனிதர், சிலுவையையே விட்டுவிட்டு வந்தால் மானம் போகாதா? பிடுங்கத்தான் வந்திருந்தார்.

கழியில் கை வைத்ததுமே கரையிலிருந்து ஒரு பெண்மணி தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"இன்னா சார் பண்றே? எம் புள்ள சார் அது!"

மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். பெயர் கெங்கம்மாள். மகன் பூவரசனுக்கு ஷூ கம்பெனியில் வேலை. போன மாத வெள்ளத்தில், வேலை விட்டு வரும்போது தரைப்பாலத்தில் தண்ணீர் அவனை வண்டியோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. வண்டி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை.

"அனாதப் பொணம் கெடைச்சா சர்ச்காரங்க எடுத்து அடக்கம் பண்ணுவாங்கன்னு சொன்னாங்க. இந்தச் சிலுவையப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சிபோச்சு. நீங்கதானே சார் எம் புள்ளய எடுத்து வெச்சீங்க?"

 ஜெயசீலன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்தார். ஆற்று மணல் முழுக்க வெயிலில் வெளுத்துக் கிடக்க, சிலுவையைச் சுற்றி மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. தண்ணீர் தெளித்திருப்பாள், பாவம்.

சாரணன் பொய் பேசமாட்டான் என்று வாராவாரம் பையன்களைச் சொல்ல வைப்பவரே அவர்தான். சட்டையில் குத்தியிருந்த சிலுவையும் லில்லிப் பூவும் சேர்ந்த சின்னம் அப்போது பார்த்து நெஞ்சில் உறுத்தியது. ஆனால் இது வெறும் முகாம் சிலுவை, கீழே ஒன்றுமில்லை என்று இந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வது?

"ஆமாம்மா," என்றார். "நாங்கதான் அடக்கம் பண்ணோம். சாமியார் ஜெபம் பண்ணாரு."

"மூஞ்சி எப்டி சார் இருந்திச்சு?"

ஒரு மாதம் தண்ணீரில் கிடந்த உடல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? பொய் என்று இறங்கியாகிவிட்டது, இனி அதில் கஞ்சத்தனம் எதற்கு?

"தூங்கற மாதிரி இருந்திச்சும்மா. ஒரு காயம்கூட இல்ல."

கெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தாய்க்கு ஆறுதல் தந்த பொய், கடவுள் மன்னிப்பார் என்று ஜெயசீலன் மனதைத் தேற்றிக்கொண்டார்.

"நான் வர்றேம்மா. சிலுவை இங்கேயே இருக்கட்டும்."

"நீ நல்லா இருக்கணும் சார்," என்றாள் அவள். "காலையிலதான் தோண்டிப் பாத்தேன், உள்ள யாருமே இல்ல."