பூக்காட்டுக்கு ஒரு நாள்

"அவ யாரு?" என்று எப்படிக் கேட்பது என்றுதான் ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து மாரிக்கனி யோசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் அவள் புருஷன் ஐயாதுரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

பூப் பார்க்கப் போக வேண்டும் என்று அடம்பிடித்தது மகள் செல்விதான். "சுந்தரபாண்டியத்துக்கிட்ட ஒரு காடு முழுக்க சூரியகாந்திம்மா. எங்க கிளாஸ்ல எல்லாரும் போயி போட்டோ எடுத்துட்டு வந்துட்டாளுக" என்று போனில் ரீல்ஸைக் காட்டினாள். ஐயாதுரை முதலில் மாட்டேன் என்றான். மாரிக்கனிதான் வம்பாகக் கிளப்பிக்கொண்டு வந்தாள். வீட்டில் வைத்துக் கேட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஐயாதுரை மில் வேன் ஓட்டுகிறவன். பொங்கல் கழிந்ததிலிருந்து வேன் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்கிறான். ஆனால் காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு நடந்து போய்விடுகிறான். எங்கே என்று கேட்டால், "சும்மாதான்."

போன வாரம் பஞ்சு மார்க்கெட்டில் எதிரே வந்தவன், யாரோ மூணாம் மனுஷியைத் தாண்டுவதுபோல அவளைத் தாண்டிப் போனான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நடுரோட்டில் அழுதிருப்பாள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் போனைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் குளிக்கப் போயிருந்தபோது அடித்தது என்று இவள் எடுத்தாள். "இன்னைக்கும் நீங்க வரலையே? இப்படித் தள்ளிப் போட்டுக்கிட்டே போனா எப்படி?" என்றது ஒரு பெண் குரல். ஈரத் தலையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கிக்கொண்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார்கள். "ஏத்தா செல்வி, வத்திராயிருப்பு பஸ் எதுன்னு பாரு" என்றான் ஐயாதுரை.

"ஊரெல்லாம் வண்டி ஓட்டுத மனுசனுக்கு பஸ் பாக்கத் தெரியலியாக்கும்" என்றாள் மாரிக்கனி.

"ஒரு நாளாவது சும்மா இருக்க விடேன்ட்டி."

மகளின் தோளில் கை போட்டுக்கொண்டு அவன் பஸ் ஏறினான். மகள் மீது மட்டும் பாசம் குறையவில்லை என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மாரிக்கனி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உங்க மனசுல என்னதான் இருக்கு?"

"என்ன இருக்கு? ஒண்ணுமில்ல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவன் திரும்பினான். பார்வை அவள் காதோரத்தில் எங்கேயோ போய் நின்றது. "ஒண்ணுமில்ல மாரி" என்றான். பொய் சொல்கிறவன் கண் அப்படித்தான் நிற்கும் என்று நினைத்துக்கொண்டாள். நாளைக்கே செல்வியைக் கூட்டிக்கொண்டு தளவாய்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

ஸ்டாப்பில் இறங்கியதும் அவன் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினான். "நீங்க முன்னால போங்க. ஒரு டீயக் குடிச்சிட்டு செத்த நேரத்துல வாரேன்."

அந்தப் போன்காரியோடு பேசத்தான், வேறு எதற்கு? மாரிக்கனி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வண்டிப் பாதையில் செல்வி முன்னால் ஓடினாள்.

ஓடியவள் வரப்பில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டாள்.

காட்டில் ஒரு பூ இல்லை. ஒரு செடி இல்லை. பங்குனி வெயிலில் காடு முழுக்க உழுது போட்ட வெறும் செம்மண் கிடந்தது. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பொம்பளை இவர்களைப் பார்த்துவிட்டு, "பூப் பாக்கவா வந்தீக? மாசியிலயே அறுத்து, காட்டையும் உழுது போட்டாகளே தாயி" என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போய்விட்டாள்.

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. மாரிக்கனி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வரட்டும். இங்கேயே வைத்துக் கேட்டுவிட வேண்டியதுதான். இனிமேல் யாருக்குக் கேட்டால் என்ன?

ஐயாதுரை மெதுவாக வந்தான். வரப்பில் கால் இடறி, சமாளித்து ஏறினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இவர்கள் பக்கத்தில் வந்து காட்டைப் பார்க்க நின்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு வாய் நிறையச் சிரித்தான்.

"அடேயப்பா! எம்புட்டுப் பூ!" என்றான். "மஞ்ச மஞ்சேர்னு கண்ணு கூசுதே மாரி! நீயும் செல்வியும் உள்ள இறங்கி நில்லுங்க, போட்டோ எடுக்கேன்."

செல்வி வாயைத் திறந்தாள். "அப்பா, பூவு..."

மாரிக்கனி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் நடந்து அவனுக்கு நேர் எதிரே போய் நின்றாள். கை எட்டும் தூரம்தான். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது.

"என்னட்டி பேச்சே காணோம்? பிடிக்கலையா?" என்று அவன் கேட்டான், அவள் முதலில் நின்ற இடத்தைப் பார்த்து.

மாரிக்கனி அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விரலில் ஈரம் பட்டதும் அவன் சிரிப்பு நின்றது.

"அந்தப் போனு ஆஸ்பத்திரியிலருந்தா? எம்புட்டு நாளாங்க கண்ணு தெரியல?"