டப்பாவில் இருந்த ஞானப்பல்

ஞானப்பல்லைப் பிடுங்கிய டாக்டர், அதைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு அவள் கையில் கொடுத்தார். "கடிக்கிறது எதுவும் கூடாதும்மா. ஆறின கஞ்சிதான். நிம்மதியா சாப்பிட்டாத்தான் புண்ணு ஆறும்."

அவள் கணவர் அலுவலகத்தில் மேலாளர். வீட்டிலும் அந்தப் பதவியை விட்டவரில்லை. மறுநாள் காலை அவள் எதிரே உட்கார்ந்து, வெண்ணெய் தடவி வறுத்த ரொட்டியை நொறுக்கிக்கொண்டே பிரசங்கத்தைத் தொடங்கினார்.

"ஒரு பல்லுக்கு இவ்வளவு அலட்டலா? நானெல்லாம் பல்லப் புடுங்கிட்டு நேரா ஆபீஸ் போனவன்."

அடுத்த ரொட்டியை எடுத்தார். அதில் ஒரு கடி குறைந்திருந்தது. அலமாரியில் அவள் வைத்திருந்த பல் டப்பாவுக்குள் ஏதோ மொறுமொறுவென்று மென்றது. கஞ்சி மட்டுமே குடித்த அவள் நாக்கில் வெண்ணெய் ருசித்தது.

"அந்தக் கருமத்தைத் தூக்கிக் குப்பையில போடு!"

"மாட்டேன். அது என் பல்லு." வீங்கிய கன்னத்தோடு எழுந்துபோய் டப்பாவை எடுத்து வந்து, மேஜை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். "நீங்க பேசுங்க. நாங்க சாப்பிடறோம்."

"இந்த வீட்டுல நான் சொல்றதுதான்..." என்று அவர் டப்பாவை நோக்கி விரலை நீட்டினார்.

உள்ளே 'கடக்' என்றது.

அவர் விரலை மெல்ல மடக்கிக்கொண்டார். அவள் அடுத்த கரண்டிக் கஞ்சியை அவசரமில்லாமல் விழுங்கினாள். சற்று நேரம் கழித்து, மற்ற கையால், ரொட்டித் தட்டை டப்பாவின் பக்கம் நகர்த்தி வைத்தார் மேலாளர்.