பின்பக்கத்து பெல்ட்

தையல்காரனின் மகளைப் பாயின் நடுவில் உட்காரவைத்துவிட்டுப் பிசியோதெரபிஸ்ட் எதிரே அமர்ந்தார். விழுந்தால் தாங்குகிற சாக்கில் அவன் நைசாக மகளின் முதுகுப் பக்கம் நகர்ந்துகொண்டான்.

கவுனின் பின்னால் ஒரு பெல்ட். இந்த வேலைக்கென்றே அவன் வைத்துத் தைத்தது.

அதன் நுனியைச் சுருட்டி உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டான். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மகளுக்கு மூளைவாதம். அடுத்த வாரம் இரண்டு வயது முடிகிறது. நடப்பாளா என்று கேட்டதற்கு முதலில் பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இந்தத் தெரபிஸ்ட்தான் ஒரு கணக்கு சொன்னார். இரண்டு வயதுக்குள் யாரும் பிடிக்காமல், கை ஊன்றாமல் உட்கார்ந்துவிட்டால், பெரும்பாலும் ஒரு நாள் நடந்துவிடுவாளாம்.

அவன் காதில் அது பரீட்சை என்றுதான் விழுந்தது. பரீட்சை என்றால் பிட் அடிக்கலாம். பிட் அடித்துப் பாஸான கால் நடக்குமா என்றெல்லாம் யோசிக்கும் நிலையில் அவன் இல்லை, பாவம்.

வீட்டில் அவன் கை பின்னால் இல்லாமல் அவள் உட்கார்ந்ததே இல்லை. அவன் விட்டுப் பார்த்ததும் இல்லை.

தெரபிஸ்ட் இரண்டு காலி நூல் ரீல்களை நீட்டினார். அவன் கடையிலிருந்து கொண்டுவந்தவைதான். மகள் இரண்டு கைகளையும் நீட்டி, முன்னால் சாய்ந்து வாங்கினாள். ஆடினாள். அவன் பெல்ட்டைச் சுண்டி இழுத்தான். எப்படியோ நிமிர்ந்துவிட்டாள்.

ரீலோடு ரீலைத் தட்டிச் சிரித்தாள். மறுபடி ஆடினாள், மறுபடி நிமிர்ந்தாள்.

அவனுக்கு விரல்கள் மரத்துப்போயின. வியர்வை மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. துடைக்க இன்னொரு கை சும்மாதான் இருந்தது, அது நினைவில்லை.

தெரபிஸ்ட் எழுந்து அவன் பக்கம் சுற்றி வந்தார். குட்டு உடைந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

“கைய விடுங்க சார்.”

“விட்டா விழுந்துடுவா மேடம்.”

அவர் கோபப்படவில்லை. பாயில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். “எத விட்டா?”

அவன் குனிந்து பார்த்தான்.

பெல்ட்டின் மறுமுனை பாயில் கிடந்தது. அதிலிருந்து வெள்ளை நூல் ஒன்று நீண்டிருந்தது. காலையில் கிளம்பும் அவசரத்தில் கையால் நூலோட்டி வைத்ததோடு சரி, மிஷினில் அடிக்க மறந்திருக்கிறான். தெருவுக்கே கவுன் தைப்பவன்.

முதல் இழுப்பிலேயே பிய்ந்திருக்க வேண்டும்.

மகள் இன்னும் ரீல் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்கும் அவனுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

தையல்காரன் மெல்லக் கையை விரித்தான்.